தீவுக்குப் போகும் முஸாபிர்

எனது மகன் ஒரு தாளில் ஏழு தீவுகளின் பெயர்களை எழுதி, அவற்றில் நான்கைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு என் முன்னால் வைத்தான். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. காரைநகரும் அனலைதீவும் எழுவைதீவும் அடுத்த முறைக்கு. நோன்புப் பெருநாளை அடுத்துவரும் விடுமுறையில் எங்கள் குடும்பம் முதன்முதலாகப் போகவிருக்கும் உல்லாசப் பயணத்தின் திட்டம் அது. அவன் புத்தளத்தில் பிறந்தவன். யாழ்ப்பாணம் அவனுக்கு வாப்பாவின் கதைகளில் வரும் ஓர் ஊர் மட்டுமே.

திட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்தால் மண்டைதீவு. அதிலிருந்து வேலணை. வேலணையிலிருந்து கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதி வழியே புங்குடுதீவு. அதன் மறு அந்தத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் நயினாதீவுக்கு இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். மாரிக் காலத்தில் நெடுந்தீவுக் கடல் பொல்லாதது; மார்ச், ஏப்ரலில் அடங்கியிருக்கும். இவற்றையெல்லாம் விசாரித்து எழுதியிருந்தான். நெடுந்தீவின் காட்டுக் குதிரைகள், கோறைக்கல் மதில்கள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்கமரம் என்று பார்க்கவேண்டியவற்றுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது வழக்கிலுள்ள கதை. "எங்கட மன்னாரிலயும் நிக்குதுதானே, அதைவிடப் பெரிசு" என்றாள் மனைவி.

மனைவி எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவள். பட்டியலை முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்ன அடுத்த வார்த்தை இதுதான்: "வள்ளத்தில ஒருக்காப் போனது எனக்குக் காணும்."

1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கரையில் காத்துக்கிடந்து, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் வந்திறங்கினார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கடல் வழியாகப் போவதை அவள் உல்லாசம் என்ற சொல்லோடு சேர்த்து நினைத்ததே இல்லை. நான் வேறு வழியால் வந்தவன். அதே மாதம் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தரப்பட்டது. துவக்கோடு நின்றவர்கள் பணத்தையும் நகையையும் வாங்கிக்கொண்டு சில நூறு ரூபாவோடு அனுப்பினார்கள். உம்மாவின் காதில் கிடந்ததையும் அவரே கழற்றிக் கொடுத்தார். வடக்கிலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகம். இது நம்மில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இங்கு நான் எழுத வந்தது அதுவல்ல; அதற்குப் பிறகு மகன் கேட்ட ஒரு கேள்வி பற்றி.

"வாப்பா, மூன்று நாள்தானே. யாழ்ப்பாணத்தில நாங்க கஸ்ர் தொழலாம்தானே?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எந்த வழியால் போனாலும் தூரம் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணமும் இல்லை. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது பிள்ளைகள் மத்ரசாவில் படித்த சட்டத்தின்படி அவன் முஸாபிர். நான்கு றக்அத்துகளை இரண்டாகச் சுருக்கலாம். அவனுக்கு "ஓம்" என்றேன். எனக்கு அந்த "ஓம்" வாயில் வரவில்லை. நான் பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் பள்ளிவாசலில், நான் ஓதப் படித்த பள்ளிவாசலில், வழிப்போக்கனாக நின்று இரண்டு றக்அத்தோடு ஸலாம் கொடுப்பதா?

மௌலவி நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "நிரந்தரமாகக் குடியிருக்கும் இடம்தான் வதன். உங்கட வீடு, தொழில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் புத்தளத்தில. அங்க நீங்க முஸாபிர்தான்."

சட்டம் அவ்வளவு தெளிவாக இருப்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஏனெனில் புத்தளத்தில் நான் குடியிருப்பவன் என்று ஒப்புக்கொள்ளவே எங்களுக்கு எத்தனையோ ஆண்டுகள் எடுத்தன. எங்களை அகதி என்றார்கள். பிறகு இடம்பெயர்ந்தோர் என்றார்கள். அந்தப் பெயர்களை நாங்கள் வெறுத்தோம், ஆனால் மறுக்கவில்லை. மறுத்தால் யாழ்ப்பாணம் எங்கள் ஊரில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்ற பயம். ஓலைக் கொட்டில் கல்வீடாக மாறியபோதுகூட உம்மா அதைக் 'காம்ப்' என்றுதான் சொன்னார். மையித்தாகும்வரை அப்படியே சொன்னார்.

நண்பர் ஓர் ஆதாரத்தையும் நினைவூட்டினார். மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், நபி (ஸல்) அவர்கள் தாம் பிறந்து வளர்ந்த ஊருக்குள் நுழைந்தார்கள். பத்தொன்பது நாட்கள் அங்கு தங்கியபோது தொழுகையைச் சுருக்கியே தொழுததாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் நமக்கென்று வீடு எதையும் விட்டுவைத்தாரா என்ற கருத்தில் அவர்கள் திருப்பிக் கேட்டதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. கூட வந்த தோழர்களில் சிலருக்கு மக்காவில் உறவும் உடைமையும் இருந்தன. அவர்களும் சுருக்கித்தான் தொழுதார்கள்.

சிறுவயதில் இந்த வரலாற்றை வெற்றியின் கதையாகவே கேட்டிருக்கிறேன். இந்த முறை அந்த வீட்டுக் கேள்விதான் காதில் நின்றது. விற்கப்பட்டுப் போன வீட்டின் ஊருக்குத் திரும்பிவந்த ஒருவர், ஊர் தம் கைக்கு வந்தபின்னரும் அங்கு முஸாபிராகவே தொழுகிறார். வீட்டை மீட்டுத் தருமாறு கேட்கவில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகு நான் ஒரு நாள் போய் எங்கள் வீட்டைப் பார்த்தேன். கூரையும் இல்லை, நிலையும் இல்லை. அன்று மனம் முழுவதும் ஓர் உரிமைக்காரனின் கோபம் இருந்தது. என்ன தொழுதேன், எத்தனை றக்அத் தொழுதேன் என்பது நினைவிலேயே இல்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டை அப்படியே விழுங்கிவிடவும் முடியவில்லை. முஹாஜிர்களும் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள்தாம். எனினும் மதீனாவைத் தம் ஊராக்கிக்கொள்ளும் நிய்யத்தை அவர்கள் அல்லாஹ்வுக்காக வைத்தார்கள். நாங்கள் வைத்த நிய்யத் எது? பயணத்தின் சட்டமே நிய்யத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பிப்போகும் எண்ணத்தை வாயால் சொல்லிக்கொண்டு, கையால் புத்தளத்தில் கிணறு வெட்டியவர்கள் நாங்கள். முஸாபிர் என்றால் உம்மாவுக்குத் துரோகம் செய்கிறேன். ஊர்க்காரன் என்றால் பொய் சொல்கிறேன்.

இந்தச் சிக்கலோடு மகனின் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கோட்டையைப் பற்றி ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இலங்கை அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையின் வடிவில் தெரிந்ததாம். இந்தக் கோட்டை அதன் குதி. அவனுக்கு அது பெரிய பகிடி. 1971 கிளர்ச்சிக் காலத்தில் அங்கு கைதிகளை வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் கடற்படையினர் அதை விடுதியாக மாற்றினார்கள். சிறையறையில் காசு கொடுத்துப் படுத்துறங்கும் பயணியை நான் குற்றஞ் சொல்லவில்லை. அவனுக்கு அது வெறும் பழைய கட்டடம். எனக்குத்தான் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. தெரிந்தவன் அங்கு போய் மகிழலாமா என்பதுதான் கேள்வி.

நெடுந்தீவுக்குப் போகும் வழியும் அப்படிப்பட்டதே. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அந்தத் தீவின் மக்கள் அதற்குப் பிறகும் அதே கடலைக் கடந்துதான் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் போய் வந்தார்கள். நாங்கள் வெளியேற்றப்பட்ட அதே காலத்தில் வேலணையிலும் புங்குடுதீவிலும் இருந்த தமிழ் மக்களும் படை நடவடிக்கைகளால் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டார்கள். புங்குடுதீவில் கூரையற்று நிற்கும் வீடுகளின் சொந்தக்காரப் பிள்ளைகளும் என் மகனைப் போலவே விடுமுறைக்கு வந்து படம் எடுத்துப் போகிறார்கள். ஒருவருடைய இழப்பு இன்னொருவருடையதைச் சரிக்கட்டாது. அந்தக் கணக்கை நான் போடவில்லை. ஆனால் கூரையில்லாத வீட்டின் முன்னால் நிற்பவர்கள் நாங்கள் மட்டுமே என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேனே, அது பிழை.

நயினாதீவு அம்மன் கோவிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பரதேசிகள் ஊறாத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்படும் என்பது அதன் சாரம். ஆனையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. குதிரை வணிகத்தில் அரபிகளுக்கும் சோனகர்களுக்கும் பெரும்பங்கிருந்த காலம் அது. கடலில் உடைந்த கப்பலுக்குக்கூடப் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு நீதி இந்தக் கரையில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. உம்மாவின் காதை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்வெட்டு கரையின் கடமையைச் சொல்கிறது. வந்திறங்குபவனின் கடமையை நமது மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. விருந்து மூன்று நாள். அதற்கு மேல் கொடுப்பது ஸதகா. வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தும் அளவுக்கு விருந்தாளி தங்கக்கூடாது. நெடுந்தீவு குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடுள்ள தீவு. அங்கு நான் குடிக்கும் தண்ணீரும், படகில் நான் பிடிக்கும் இடமும் யாரோ ஒருவருக்கு உரியவை. காசு கொடுத்துவிட்டேன் என்பதால் மட்டும் அந்தக் கணக்குத் தீராது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சட்டத்தின் பாதியைத்தான் நீங்க கேட்டீங்க. மிச்சத்தையும் கேளுங்க" என்றார். மிச்சம் இதுதான்: முஸாபிர் தனியாகத் தொழுதால் சுருக்கலாம். ஆனால் ஊரில் குடியிருக்கும் முகீமான ஓர் இமாமைப் பின்பற்றித் தொழுதால், அவன் நான்கையும் பூர்த்தியாகத் தொழவேண்டும். சற்று நேரமே பின்பற்றினாலும் சரி. அவன் எங்கு பிறந்தவன், அங்கு வீடு இருக்கிறதா, உறுதி கையில் இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வியில்லை. அங்கு இருப்பவருக்குப் பின்னால் நிற்கிறானா என்பதே கேள்வி.

நான் சிறுவயதிலிருந்து அறிந்த சட்டம்தான். என் விடயத்தில் அதைப் பொருத்திப் பார்த்ததில்லை. போர் முடிந்தபின் திரும்பிப்போய்ச் சோனகதெருவில் குடியேறியவர்கள் சொற்பம். இடிந்த சுவரில் தகரம் போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நிருவாகக் கந்தோர்களில் ஏறி இறங்கி, ஐந்து நேரமும் பாங்கு சொல்ல வைத்தவர்கள் அவர்கள். ஊரைப் பற்றி நான் கட்டுரை எழுதினேன். அவர்கள் ஊரில் இருந்தார்கள். நினைவு அதிகமிருப்பதால் ஊரில் எனக்கு உரிமையும் அதிகம் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். நினைவு எனக்குத் துக்கத்தைத் தரலாம், இமாமத்தைத் தராது. ஊர் இன்றைக்கு யாரால் உயிரோடு இருக்கிறதோ, அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் என் தொழுகையும் முழுமையாகிவிடும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும்கூட இதே ஒழுங்குதான் என்று தோன்றுகிறது. அங்கிருப்பவர் முன்னால், நான் பின்னால்.

மகிழ்ச்சி பற்றிய கேள்வி மிஞ்சியிருந்தது. அதற்குப் பெரிய விடை என்னிடமில்லை. என் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டாமல் விட்டால், 1990இல் தொடங்கியதை நானே இன்னொரு தலைமுறைக்கு நீட்டுகிறேன். கதையைச் சொல்லாமல் கடலை மட்டும் காட்டினாலும் அது அரைகுறை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன்.

திட்டத்தில் சில மாற்றங்கள் செய்தோம். முதல் நாள் தீவு எதுவுமில்லை, யாழ்ப்பாணம் மட்டும். நெடுந்தீவுக்கு நெரிசலில்லாத வாரநாளில் போவது. ஊர்ச்சனம் ஏறியபிறகு ஏறுவது. தண்ணீர் கொண்டுபோவது, வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவருவது. மனைவி நயினாதீவு வரைக்கும் வரச் சம்மதித்திருக்கிறாள். "அக்கரை கண்ணுக்குத் தெரியும்தானே. நெடுந்தீவுக்கு நீங்களும் பிள்ளையளும் போங்க, நான் குறிகட்டுவான்ல நிக்கிறன்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

முதல் நாளுக்கு நேரே, 'அஸர் – சோனகதெருப் பள்ளி, ஜமாஅத், நான்கு றக்அத்' என்று எழுதினேன். மகன் எட்டிப் பார்த்தான்.

"நானுமா வாப்பா? நான் புத்தளம்தானே."

"இமாமுக்குப் பின்னால நின்றால் நீயும்தான்" என்றேன்.