அந்த வயிற்றுவலியை நம்புங்கள்!

ஞாயிறு முழுக்க ஓடியாடிய பிள்ளை திங்கள் காலை சீருடையைப் பார்த்ததும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறதா? "நடிக்கிறான், ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைக்கு மெய்யாகவே வலிக்கிறது.

குடலுக்கென்று தனியாக ஒரு நரம்புவலை இருக்கிறது. மூளைக்கும் அதற்கும் இடையே வேகஸ் நரம்பு ஓயாமல் சேதி கடத்துகிறது. பயம் வந்தால் குடலின் அசைவு மாறும். வழக்கமான அசைவுகூட வலியாக உறைக்கும். இது புதிதாகத் தெரிந்த சேதியும் அல்ல. 1822-இல் துப்பாக்கிச் சூட்டில் வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்தவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். அந்தத் துளை வழியாகவே அவருடைய இரைப்பையைப் பார்த்து ஆராய்ந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், பயமும் கோபமும் அதன் வேலையைக் கெடுப்பதை 1833-இல் நூலாகவே எழுதிவிட்டார். 1950களில் இங்கிலாந்தில் ஜான் ஆப்லி 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்றுவலி இருந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே உடல்நோய் காரணம். உங்கள் பிள்ளை தனியாள் இல்லை, தாயே!

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், வயிற்றுப்பூச்சி, சிறுநீர்த் தொற்று எதுவாகவும் இருக்கலாம். தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, வலது அடிவயிற்று வலி என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

நோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. "ஒண்ணுமில்ல, எழுந்திரு" என்ற சொல் பிள்ளையைத் தனியே விட்டுவிடும். "வலிக்குதுன்னு தெரியுதுடா கண்ணு. பயந்தா வயிறு இப்படித்தான் பண்ணும், கொஞ்ச நேரத்துல குறையும்" என்று சொல்லிப் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின் மேல் ஒரு சின்ன பொம்மையை வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது பொம்மை எழ வேண்டும். அதைவிட மெதுவாக வாயால் விடும்போது இறங்க வேண்டும். வலி இல்லாத இரவுகளிலேயே இதைப் பழக்குங்கள். பதறும்போது யாருக்கும் புதிதாக எதுவும் ஏறாது.

பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள்! இரக்கப்பட்டு வீட்டில் வைத்துக்கொண்டால் இன்று வலி நிற்கும், நாளை பயம் இன்னும் வளரும். தாங்கவில்லை என்றால் ஆசிரியரிடம் பேசி அரை நாளாவது போகட்டும். பயத்தோடே போய்த் திரும்புகிற ஒவ்வொரு நாளும் "என்னால முடிஞ்சுதும்மா" என்ற துணிச்சல் பிள்ளைக்குள் ஊறும். அதை நீங்கள் கடையில் வாங்கித்தர முடியாது.

ஆனால் காதைப் பொத்திக்கொண்டு அனுப்பாதீர்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு அஞ்சி மாலைவரை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! வேனில் கிள்ளுகிற பெரிய பையன், பிரம்போடு வரும் வகுப்பு, சொல்லத் தெரியாத தொடுகை... இரவில் தலையைக் கோதிக்கொண்டே கேளுங்கள். காலைப் பரபரப்பில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. தப்பு பள்ளியில் இருந்தால் அங்கே போய்ச் சண்டை போட வேண்டியவர் நீங்கள். குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். வீட்டிலேயே மார்க்கைப் பற்றிய நச்சரிப்பு இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள்!

இத்தனைக்குப் பிறகும் வாரக்கணக்கில் வலி நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்காதீர்கள். ஊரா வலி தாங்குகிறது? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைநிமிர்ந்து போங்கள்!