விளிக்கும் சொல் யாருக்குச் சொந்தம்?

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர் தொடங்கிப் பாறசாலை வரையுள்ள ஊர்கள், தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப்புறமாகும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் இங்கு உண்டு. 2017-இல் பாறசாலையில் அமைந்த மலங்கரை கத்தோலிக்க மறைமாவட்டம் சுரியானி வழிபாட்டு மரபைச் சேர்ந்தது. வழிபாடு இன்று பெரும்பாலும் மலையாளத்தில் நடைபெற்றாலும் அம்மரபின் மூலமொழி சுரியானியே. அதில் கடவுளைக் குறிக்கும் சொல் ‘ஆலோஹோ’. கிழக்குச் சுரியானி உச்சரிப்பில் ‘ஆலாஹா’. பள்ளிவாசலின் பாங்கொலியில் கேட்கும் ‘அல்லாஹ்’ என்னும் சொல்லுடன் இது ஒத்திருப்பது தற்செயலன்று.

சுரியானி, அரமேய மொழியின் ஒரு கிளை. அரமேயம், எபிரேயம், அரபு ஆகியவை செமித்திய மொழிக் குடும்பத்தின் உறுப்புகள். எபிரேயத்தில் ‘ஏல்’, ‘எலோஹிம்’, அரபியில் ‘இலாஹ்’. இதனுடன் ‘அல்’ என்னும் சுட்டு முன்னே சேர்ந்து ‘அல்லாஹ்’ ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. அரமேயத்தில் அச்சுட்டுப் பொருள் சொல்லின் ஈற்றில் அமைந்தது. தென் திருவிதாங்கூரில் இயல்பாக வழங்கும் தானியேல், சாமுவேல், இம்மானுவேல் என்னும் பெயர்களின் ஈற்றிலும் அந்த ‘ஏல்’ ஒலிக்கிறது. சிலுவையில் இயேசு எழுப்பிய குரலை மத்தேயு ‘ஏலி’ என்றும் மாற்கு ‘எலோயி’ என்றும் பதிவு செய்கின்றனர். இரண்டுக்கும் பொருள் ‘என் இறைவா’ என்பதே.

இச்சொல்லின் வேர் இம்மதங்களினும் பழமையானது. பல தெய்வங்களை வணங்கிய பாபிலோனியரும் தெய்வத்தை ‘இலு’ என்றனர். ஆகவே எந்த மதமும் இதைப் படைக்கவில்லை. ஒவ்வொன்றும் இதை முன்னோரிடமிருந்து பெற்றது. பெற்ற பொருளுக்கு வேலி கட்டும் உரிமை யாருக்கு உண்டு?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மலேசியாவில் கிறிஸ்தவ வார இதழ் ஒன்று மலாய் மொழிப் பக்கங்களில் ‘அல்லாஹ்’ என எழுதலாமா என்பது ஆண்டுக்கணக்கில் வழக்காக நடந்தது. 2014-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்விதழின் முறையீட்டை ஏற்க மறுத்தது. அரபு பேசும் கிறிஸ்தவர்களோ காலங்காலமாக அச்சொல்லாலேயே இறைவனைத் தொழுது வருகின்றனர்.

சொல் ஒன்றானால் கோட்பாடும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. திரித்துவமும் தவ்ஹீதும் வேறு வேறு. வேற்றுமையை மறைப்பது அறிவு நேர்மையாகாது. எனினும் இறைவனின் பெயர் முதலில் விளி. இலக்கணம் வகுப்பது பின்னரே. துன்பத்தில் ‘என் இறைவா’ என அழைப்பவன் தன் தத்துவத்தை நிறுவிவிட்டு அழைப்பதில்லை. தமிழ்க் கிறிஸ்தவர் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனக் காலந்தோறும் சொல்லை மாற்றினர், அழைப்பு நிற்கவில்லை.

நெய்யாற்றங்கரையில் அமைந்த அருவிப்புறத்தில் 1888-இல் சிவப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீநாராயண குரு, சாதிபேதமும் மதப்பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடத்திற்கு அதை முன்மாதிரியாகக் காட்டினார். பகைதான் நீங்க வேண்டும். வேற்றுமை நீங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டான் அழைக்கும்போது, ‘அது எங்கள் சொல்’ என்று தடுப்பவன் சொல்லைக் காக்கலாம். அழைப்பைக் கேட்கத் தவறியவன் எதைக் காத்தான் என்பதே சிந்திக்கத் தக்கது.