இரைச்சலுக்கு உரிமை உண்டா?

அலைத்தடைக் கருவியை மக்கள் ‘ஜாமர்’ என்றே அழைக்கின்றனர். அதன் வேலை மிக எளிது. ஓர் அலைவரிசையில் செய்தி வரும்போது, அதே அலைவரிசையில் அதனினும் உரத்த இரைச்சலை எழுப்புகிறது. செய்தி அழிந்துவிடுவதில்லை. அதனை இரைச்சலினின்று பிரித்தறிய முடியாமல் கேட்கும் கருவிதான் திகைத்து நிற்கிறது.

இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, உரிமமின்றி வானொலி அலைகளை வெளியிடும் கருவியை எவரும் இயக்க முடியாது. அமெரிக்கச் சட்டமோ ஜாமரின் விற்பனையையும் தடுக்கிறது. தன் மண்டபத்தில் தொலைபேசி ஒலிக்கக் கூடாதென்று ஒருவர் சிறு கருவியொன்றை வாங்கி வைத்தால் என்ன குற்றம் என்று கேட்கத் தோன்றும். அலைக்குச் சுவர் தெரியாது என்பதே விடை. மண்டபத்துக்கு வெளியே மருத்துவ வண்டியை அழைப்பவரின் குரலையும் அது விழுங்கும். கடலோடிகள் ஆபத்துக் குரல் எழுப்பும் 16ஆம் அலைவரிசையும், ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து மெலிந்து வந்து படகுக்குத் திசைகாட்டும் செய்மதிச் சமிக்ஞையும் ஒரு சிறு இரைச்சலில் மூழ்கிவிடக்கூடியவை. சிலாபத்திலும் கற்பிட்டியிலும் வாழும் மீனவனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வழக்கு இருவருக்கிடையே; தண்டனை பெறுபவனோ வழக்கையே அறியாத மூன்றாமவன். சட்டத்தின் அறம் இதுவே என்று கருதுகிறோம்.

தனிமனிதனுக்கு விலக்கப்பட்ட இரைச்சல், அரசுக்கு மட்டும் எப்படி உரிமையாகிறது?

இதே கரையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனைச் சோதிப்போம். சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலயில் ‘அமெரிக்காவின் குரல்’ ஒரு மறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவியது. இந்தியாவுக்கு அதன்மீது ஐயம் இருந்தது. 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அயல்நாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படா என்ற உறுதி கேட்டுப் பெறப்பட்டது. 1990களில் அப்பகுதிக் கத்தோலிக்க மீனவ மக்களும் குருமார் பலரும் தம் நிலத்துக்காகவும் உடல்நலத்துக்காகவும் நிலையத்தை எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஒரு வல்லரசின் கோபுரங்கள் தம் வாசலில் எழவேண்டுமா என்று சொல்லும் உரிமை அங்கே வாழ்வோருக்கே முதலில் உண்டு.

ஆனால் அக்கோபுரங்களை எதிர்ப்பது வேறு, அக்குரலைக் கேட்போரின் செவியை அடைப்பது வேறு. 1948 முதல் சோவியத் ஒன்றியம் அமெரிக்க ஒலிபரப்பின் மேல் இரைச்சலை ஏவியது. 1963இல் தளர்த்தி, 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படைகள் நுழைந்தபோது மீண்டும் தொடங்கியது. 1973இல் நிறுத்தியதை, போலந்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த 1980இல் மறுபடி ஏவியது. 1987இல்தான் அந்த இரைச்சல் ஓய்ந்தது. ஏகாதிபத்தியப் பொய்க்கு எதிரான தற்காப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. பொய்யும் அதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. எனினும் இரைச்சல் மிகுந்த ஆண்டுகளைப் பாருங்கள்! பொய்க்கு அஞ்சிய ஆண்டுகளா அவை? ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியின் செய்தியைக் கேட்டுவிடக் கூடாதென்று அஞ்சிய ஆண்டுகள். தொழிலாளியின் பெயரால் ஆளும் அரசு அவன் செவியை நம்பாதபோது, அந்தப் பெயருக்கு என்ன பொருள்? (பிரித்தானிய அரசும் 1970இல் கடலிலிருந்து ஒலித்த ஒரு தனியார் வானொலியை இவ்வாறே மூழ்கடித்தது. இதில் முகாம் வேறுபாடு இல்லை.)

இதைவிடக் கடினமான வழக்கும் இதே கரையில் உண்டு. 2019 மே 12ஆம் திகதி, ஒரு முகநூல் வாக்கியத்தைத் தவறாகப் பொருள்கொண்ட கூட்டம் சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளைத் தாக்கியது. மறுநாள் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. நுட்பம் வேறாயினும் கேள்வி ஒன்றே. வதந்தி கொல்லும்போது வாயை அடைப்பது குற்றமா? குற்றமில்லை என்று சொல்லத்தான் மனம் விரைகிறது. ஆனால் அதே 13ஆம் திகதி, இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். கூட்டம் தெருவில் திரண்டுவிட்ட பிறகு அதற்கு முகநூல் எதற்கு? அயலூருக்குத் தகவல் தரவும் உதவி கேட்கவும் வழி தேவைப்பட்டது அஞ்சிக் கதவடைத்திருந்த வீட்டுக்குத்தான். அன்று தேவைப்பட்டது காவல். அரசு தந்தது மௌனம்.

எந்நிலையிலும் தடையே கூடாதென்று நாம் வாதிடவில்லை. குண்டொன்றை அலைவழி வெடிக்கவைக்கும் அபாயத்தில் ஒரு தெருவில், ஒரு மணிநேரம், ஜாமர் இயங்கலாம். யார் ஆணையிட்டார், எவ்வளவு பரப்புக்கு, எத்தனை நாழிகைக்கு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். பாதிக்கப்பட்டவன் நீதிமன்றத்தில் கேட்கக்கூடியதாக இருக்கவேண்டும். சிறைச்சாலைகளில் அரசு பொருத்தும் கருவிகளுக்கும் இதே அளவுகோல்தான். சிறைமதிலுக்கு வெளியிலும் குடும்பங்கள் வாழ்கின்றன.

இரணவில நிலையம் 2016இல் மூடப்பட்டது. 2020இல் கொரோனா நோயாளிகளுக்கு அங்கே மருத்துவமனை அமைந்தது. அந்நிலையத்தை மூடியது எவருடைய இரைச்சலும் அன்று.