கொடாததைக் கொள்ளல்

அமெரிக்காவின் டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களில், வரிசையில் நிற்கவியலாத ஊனமுற்றோர்க்கு முன்னர் ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. செல்வர் சிலர் ஊனமுற்றோரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வரிசையைக் கடந்தனரென்று 2013-இல் செய்தி வெளிவர, அவ்வாண்டே அச்சீட்டு ஒழிந்தது. காத்திருக்கும் நேரத்தை வேறிடத்தில் கழித்துத் திரும்பும் முறை வந்தது. அது நியாயமே. ஆயின் 2024-இல் அதனையும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுடையோர்க்கென்று சுருக்கினர். உடல்நோயால் நிற்கவியலாதார் பலர் அதனை இழந்தனர். (காசுடையோர் விரைவு வரிசையை விலைக்கு வாங்க இன்றும் தடையில்லை!)

அன்பர்களே, கொடாததைக் கொள்ளாமை நமது இரண்டாம் சீலம். பிறன் முறையைக் கவர்தலும் களவே. ஆயின் கள்வனுக்கஞ்சி நோயாளனைத் தண்டித்தல் எந்நீதி? கிணற்றடியில் தமக்கென முறையேயின்றிக் காத்து நின்றோர் வழிவந்த நாம் இதனை எளிதிற் கடந்துபோக இயலாது. வாயிற்காவல் நம்மிடம் இருப்பின், பொய்யர் பதின்மர் நுழையினும் பொறுப்போம். ஒரு நோயாளனை வெயிலில் நிறுத்தோம்.