மேகத்தில் ஒரு லயத்து வீடு

2023 ஜனவரி 18 அன்று கூகுள் நிறுவனம் தன்னுடைய ஸ்டேடியா சேவையை மூடியது. மூன்று வருடம் சொச்சம் ஓடிய சேவை அது. மூடும்போது பெரிய நிறுவனங்கள் அவ்வளவாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. தன் கடையில் மக்கள் வாங்கிய விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மாதச் சந்தா மட்டும் திரும்பவில்லை. கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் கௌரவமான முடிவுதான்.

அதே சமயத்தில் ஓர் ஆட்டக்காரரின் கதை செய்திகளில் வந்தது. ரெட் டெட் ஆன்லைன் விளையாட்டை ஸ்டேடியா வழியாகவே கிட்டத்தட்ட 6,000 மணி நேரம் ஆடியவர். அவர் பணம் கேட்கவில்லை. தன் கதாபாத்திரத்தை வேறொரு தளத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று விளையாட்டைச் செய்த நிறுவனத்திடம் கேட்டார். 6,000 மணி நேரத்தை எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 750 நாள் வருகிறது.

கொடுத்த பணம் திரும்பி வந்த பிறகும் ஒருவருக்கு ஏதாவது பாக்கி இருக்க முடியுமா? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான். "விளையாட்டுதானே, இதுக்குப் போய் தத்துவமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இலக்கியம் வாசிக்கிறவர்களைப் பார்த்து ஊரில் கேட்கும் கேள்வியும் இதேதான். "கதைதானே?" ஆகவே அந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் பொறுமையோடு கடந்துவிடலாம்.

முதலில் கிளவுட் கேமிங் என்றால் என்ன என்று பார்ப்போம். விளையாட்டு உங்கள் கணினியில் ஓடுவதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் விலையுயர்ந்த கணினியில் ஓடுகிறது. அங்கே உருவாகும் காட்சி, வீடியோவாகச் சுருக்கப்பட்டு உங்கள் திரைக்கு வருகிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி அங்கே போகிறது. விநாடிக்கு 60 காட்சி என்றால், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் 16.7 மில்லிவிநாடிதான் இருக்கிறது. நான் இருக்கும் பீடோரிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 4 மில்லிவிநாடி போதும். நிஜத்தில் அதைவிடப் பல மடங்கு ஆகிறது. கம்பி நேராகப் போவதில்லை. வழியில் பல சந்திப்புகள் இருக்கின்றன. காட்சியைச் சுருக்கவும் விரிக்கவும் நேரம் வேண்டும், வீட்டு வைஃபையும் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. வாளை ஓங்குகிறவன் கை இங்கே, வாள் அங்கே. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி வேலை.

இதன் நம்பிக்கை பொய்யானதில்லை. மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்க 2,000 ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும். புதிய விளையாட்டுகளுக்கு ஈடுகொடுக்கும் கணினி என்றால் இன்னும் மேலே போகும். ஒரு மாதச் சம்பளத்தை முழுசாகக் கொட்டினாலும் வாசலைத் தொட முடியாத ஓர் உலகத்துக்குள், பள்ளிக்காக வாங்கிய சாதாரண மடிக்கணினியைக் கொண்டு நுழைய முடிகிறது. என் அக்கா மகனுக்குப் பதினாலு வயசு. அவன் முதல்முறை ஒரு பெரிய விளையாட்டை அப்படித் திறந்தபோது, "மாமா, இது உண்மையிலேயே நம்ம லேப்டாப்புலதான் ஓடுதா?" என்று கேட்டான். இல்லை என்று விளக்கினேன். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கும் அந்தச் சந்தோஷம் தெரியும். என் வயதுக்காரர்கள் சைபர் கபேயில் வளர்ந்தவர்கள். மணிக்கு இரண்டு ரிங்கிட். கவுன்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும் அங்கேதான் கற்றுக்கொண்டோம். அந்தக் கணினிகளில் ஒன்றுகூட எங்களுடையதில்லை. சொந்தமாக இருந்தால்தான் அனுபவிக்க முடியும் என்று யாராவது சொன்னால், கணினி இல்லாத வீட்டிலிருந்து வந்த நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சொந்தம் கொண்டாட முடிந்தவர்கள்தான் பெரும்பாலும் சொந்தத்தின் புனிதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

குறைகள் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறவையும் உண்மைதான். 25 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் 11 ஜிபிக்கு மேல் கரையும். கைப்பேசி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இது கட்டுப்படியாகாது. பட்டணத்தில் ஃபைபர் ஓடும், செம்பனைக்குள் இருக்கும் குடியிருப்பில் ஒரு கோடுதான் நிற்கும். அரசாங்கம் 2020இல் ஜெண்டெலா திட்டத்தை அறிவித்து, 2021 முடிவதற்குள் 3ஜியை நிறுத்தி, 4ஜியை விரிக்கப் பார்த்ததெல்லாம் இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். "எங்கிருந்தும் ஆடலாம்" என்று விளம்பரம் செய்த ஸ்டேடியா 2019 நவம்பரில் 14 நாடுகளில் தொடங்கியது. கடைசிவரை ஆசியாவில் ஒரு நாட்டுக்குக்கூட வரவில்லை. 'எங்கும்' என்ற சொல்லுக்குள் பீடோர் இருந்ததே கிடையாது.

ஆனால் இவை பொறியியல் சிக்கல்கள். பக்கத்தில் இன்னொரு தரவு மையம் வந்தால், கம்பி நீண்டால், நல்ல சுருக்க முறை வந்தால் குறையும். ஒரு பொறியாளனாக எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. எந்தக் கம்பியும் தீர்க்காத இன்னொன்று இருக்கிறது: முடிவை யார் எடுப்பது?

இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. நாம் டிஜிட்டலில் எதையும் வாங்குவதே இல்லை, உரிமம்தான் பெறுகிறோம். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் சந்தா பிரிவு இயக்குநர் ஒருவர் 2024 தொடக்கத்தில், ஆட்டக்காரர்கள் விளையாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகினால்தான் சந்தா முறை வளரும் என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று அதே நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியது. வட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தவர்களாலும் அதன்பிறகு ஆட முடியவில்லை. தனியாக ஆடும் பகுதிகூட ஓடவில்லை. அதிலிருந்து கிளம்பிய ஓர் இயக்கம் 2025இல் ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 முதல், உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது.

சொல்லிவிட்டால் போதுமா? "முன்னாடியே சொன்னோமே" என்பது சட்டத்துக்குப் பதில். அறத்துக்கு அது எவ்வளவு தூரம் பதில் என்பதுதான் பிரச்சினை.

எதிர்த்தரப்பை நியாயமாகவே பார்ப்போம். சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிறோம், படம் முடிந்ததும் எழுந்து வருகிறோம். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். அங்கெல்லாம் எதுவும் பறிபோனதாக யாருக்கும் தோன்றுவதில்லை. கிளவுட் விளையாட்டு மட்டும் ஏன் வேறு?

ஒரு விடுதி அறைக்கும் முப்பது வருடம் இருந்த வாடகை வீட்டுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இங்கேயும் என்று நினைக்கிறேன். இரண்டிலும் பத்திரம் உங்கள் பெயரில் இல்லை. ஆனால் வாடகை வீட்டின் சுவரில் பிள்ளைகள் வளர்ந்த உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டிருப்பீர்கள். சினிமாவில் பார்வையாளர் எதையும் விட்டுவிட்டு வருவதில்லை. விளையாட்டில் ஆடுகிறவர் உள்ளே ஒன்றைக் கட்டுகிறார். ஒரு கதாபாத்திரம், ஒரு ஊர், கூட ஆடும் நாலு பேரின் கூட்டம். நிறுவனம் கொடுத்தது இடம். அதில் முளைத்ததைத் தந்தது ஆடியவரின் காலம்.

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. லயத்து வீடு அப்படித்தான் இருந்தது. வீடு தோட்டத்தினுடையது, வேலை இருக்கும் வரைக்கும் குடியிருக்கலாம். தண்ணீர், கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைக் கொட்டகை என்று எல்லாம் அந்த வேலியின் உள்ளேயே. 1990இல் தொழிலாளர் வீட்டு வசதியின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று ஒரு சட்டமே வந்தது. சுவர் எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்று அது பேசியது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்த முடிச்சை அது அவிழ்க்கவில்லை. எங்கள் பாட்டி கித்தா மரம் வெட்டிய தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு கைமாறியபோது, குடும்பங்களுக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது. பாட்டி அந்தத் தொகையைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் அவர் வைத்த முருங்கையைப் பற்றித்தான் பேசுவார். "மரத்துக்கு யாருடா கணக்குப் பாத்தா?" என்பார்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. வீட்டை இழப்பதும் விளையாட்டை இழப்பதும் ஒரே எடை இல்லை, அப்படிச் சொன்னால் பாட்டியே சிரிப்பார். ஆனால் ஏற்பாட்டின் வடிவம் ஒன்று. அனுபவிக்கும் உரிமை உனக்கு, முடிக்கும் உரிமை எனக்கு. நடுவில் நீ வளர்த்ததற்குப் பெயரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. அதனால்தான் இழப்பீட்டுத் தொகை சரியாக இருந்தும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் உறுத்துகிறது. பணம், கொடுத்த பணத்தைத்தான் திருப்ப முடியும். போட்ட காலத்தை அது அடையாளம் காண்பதே இல்லை.

அப்படியானால் எல்லாரும் தனித்தனியாகச் சொந்தம் வாங்குவதுதான் வழியா? நம் வரலாற்றிலேயே இன்னொரு பதில் இருக்கிறது. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைப் பங்காகத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்குவது திட்டம். தனியாக ஒரு ஏக்கர்கூட வாங்க முடியாதவர்கள் ஒரு தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றிவிடவில்லை. ஆனால் ஒன்றைக் காட்டியது. 'முழுச் சொந்தம்', 'வெறும் அனுமதி' என்ற இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. அந்த இடத்தின் பெயர், முடிவில் பங்கு.

விளையாட்டிலும் அந்த இடம் சாத்தியம். ஸ்டேடியா மூடியபோதே அதன் சில துணுக்குகளைப் பார்த்தோம். அதன் கட்டுப்பாட்டுக் கருவியைச் சாதாரண புளூடூத் கருவியாக மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். சேமித்த ஆட்டங்களைச் சிலவற்றில் தரவிறக்கிக்கொள்ள முடிந்தது. யுபிசாஃப்ட் தன் விளையாட்டுகளை ஸ்டேடியாவில் வாங்கியவர்களுக்குக் கணினியில் கொடுத்தது. மேலே திட்டிய அதே யுபிசாஃப்ட்தான், நல்லதையும் சொல்ல வேண்டும் இல்லையா? ஆனால் ஸ்டேடியாவுக்கென்றே செய்யப்பட்ட அவுட்காஸ்டர்ஸ் போன்றவை அதோடு போயின. வட்டில் வந்த ஒரு பழைய விளையாட்டு கடையில் இல்லாமல் போனாலும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு சொன்னது. அவற்றில் பலவற்றைப் பற்றி இன்றைக்குப் பேச முடிவதே அந்த அலமாரிகளால்தான். கிளவுடில் மட்டும் வாழ்ந்த விளையாட்டுக்கு அலமாரியே கிடையாது.

எல்லா சர்வர்களையும் காலமெல்லாம் ஓட்டச் சொல்வது நியாயமில்லை. மின்சாரம், பராமரிப்பு, பாதுகாப்பு ஓட்டைகள், பாட்டுக்கும் கார் சின்னத்துக்கும் வாங்கிய உரிமங்கள் என்று செலவு உண்மையானது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. கட்டியதை எடுத்துப்போகும் கதவு முதல் நாளே வடிவமைப்பில் இருக்க வேண்டும். மூடும் நாள் வந்தால் போதிய கால அவகாசம் வேண்டும். நிறுவனத்துக்கு இனி வேண்டாத விளையாட்டை, வேண்டும் என்கிறவர்கள் தங்கள் செலவில் ஓட்டிக்கொள்ள விட வேண்டும். கட்டி முடித்த பிறகு கதவு வைக்கச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். வரைபடத்திலேயே வைத்தால் அது ஒரு கோடுதான். எங்கள் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது தெரியும்.

அக்கா மகனின் சந்தாவை மாதாமாதம் நான்தான் கட்டுகிறேன். போன மாதம் அவன் ஆடிக்கொண்டிருந்த ஒன்று, ஒப்பந்தம் முடிந்ததால், அந்தச் சேவையின் பட்டியலிலிருந்து காணாமல் போனது. "நான் சேத்து வச்சதெல்லாம் எங்க மாமா போகும்?" என்று கேட்டான். எங்கேயும் போகாது, ஏதோ ஒரு வட்டில் கொஞ்ச நாள் கிடக்கும், பிறகு அழிப்பார்கள் என்றேன். "அப்ப அது யாரோடது?" என்றான். சட்டப்படி யாருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியும். அவன் சட்டத்தைக் கேட்கவில்லை.

சந்தாவை நிறுத்தப்போவதில்லை. வாசலே இல்லாத நிலையைவிட, சாவி நம்மிடம் இல்லாத வாசல் மேல் என்பதை நான் சைபர் கபேயில் கற்றுக்கொண்டவன். ஆனால் அதோடு திருப்தியடைந்துவிட்டால், நம் தாத்தாக்களுக்கு ஐம்பது வருடம் கழித்துத் தெரிந்தது நம் பிள்ளைகளுக்கு ஐந்தே வருடத்தில் தெரியவரும். எவ்வளவு அழகான இடத்தைக் கொடுத்தாலும், அங்கே நாம் நட்டதற்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று கேட்பது நன்றி கெட்டதனம் இல்லை. குடியேறுகிற அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி அது.