எறிந்த கல்லும் எஞ்சும் கடமையும்

நீண்டகாலம் புகைத்தவர் தம் நோயைத் தாமே தேடிக்கொண்டவர் என்னும் தீர்ப்புக்குப் பழைய தத்துவ வேர் உண்டு. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் பகுதியில், மருத்துவர் சொல்லைக் கேளாமல் கட்டின்றி வாழ்ந்து நோயுற்ற ஒருவரை எடுத்துக்காட்டுகிறார். நோயைத் தவிர்ப்பது தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது என்றும், எறிந்த கல்லைத் திரும்ப அழைக்க இயலாதது போலப் பின்னர் அது கைமீறிவிட்டது என்றும், ஆயினும் எறிந்தவர் அவரே என்றும் அரிஸ்டாட்டில் வாதிடுகிறார்.

நோய்க்குப் பொறுப்பு யாருடையது என்பதற்கு இது வலுவான விடையே. எனினும், எறிந்த கை முற்றும் கட்டற்ற கையன்று. புகைப்போரில் பெரும்பாலோர் பதின்பருவத்தில் தொடங்கியவர்கள், நிகோடினோ அடிமைப்படுத்தும் பொருள் என்று 1988இலேயே அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை அறிவித்தது. அதனினும் முதன்மையானது, பொறுப்பாளி யார் என்னும் கேள்வியும், அவருக்குப் பிறர் செய்ய வேண்டியது என்ன என்னும் கேள்வியும் வேறு வேறு என்பது. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக்கிக்கொள்வது பெரும் பிழை.

2002இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. நீண்டகாலம் புகைத்த, ஆனால் நோய்க்குறி எதுவுமில்லாத, 55 முதல் 74 வயது வரையிலான 53,454 பேரில் ஒரு பாதியினருக்குக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனும், மறு பாதியினருக்கு மார்பு எக்ஸ்ரேயும் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை எடுக்கப்பட்டன. ஸ்கேன் எடுத்தோரிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்ததை 2011இல் வெளியான முடிவு காட்டியது. ஏறத்தாழ 320 பேரைப் பரிசோதித்தால் அந்நோயால் நேரும் ஒரு மரணம் தவிர்க்கப்படும் என்பது அக்கணக்கு. அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. ஆளே தெரியாதபோது, காப்பாற்றப்படும் தகுதி அவருக்கு உண்டா என்று எடைபோடுவது எவ்வாறு? மறுபக்கம், சந்தேகத்துக்குரியவை எனக் குறிக்கப்பட்ட சி.டி. முடிவுகளில் 100க்கு 96 புற்றுநோயாக இருக்கவில்லை. ஆகவே இப்பரிசோதனை அச்சத்தையும் தேவையற்ற மேற்சோதனைகளையும் சுமத்தக்கூடும். ஏற்பதா மறுப்பதா என்னும் முடிவு, சுமையைத் தாங்கப்போகிறவருடையதாகவே இருக்க வேண்டும்.

பரிசோதனைக்குரியவரைத் தேர்வதற்கு ‘பேக் இயர்’ என்னும் அளவு பயன்படுகிறது. நாளொன்றுக்குப் புகைத்த, இருபது சிகரெட் கொண்ட பெட்டிகளின் எண்ணிக்கையைப் புகைத்த ஆண்டுகளால் பெருக்கினால் அது கிடைக்கும். மேற்கண்ட ஆய்வில் 30 என்றிருந்த இந்த வரம்பை, அமெரிக்கத் தடுப்புப் பணிக் குழு 2021இல் 20 ஆகத் தாழ்த்தியது. பழி கூறுவோர் குற்றப்பட்டியலாகப் படிக்கும் அதே எண்ணே இங்கு உதவிக்கு உரியவரை அடையாளம் காட்டுகிறது. வெட்கத்தால் ஒருவர் அதைக் குறைத்துச் சொன்னால் பரிசோதனையின் வாயிலே அவருக்கு அடைபட்டுவிடும். அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், முதல் ஸ்கேனுக்கு முன் நன்மை தீமைகளைக் கலந்துபேசும் சந்திப்பு ஒன்றை 2015 முதல் வேண்டுகிறது. எத்தனை பெட்டி, எத்தனை ஆண்டு என்று அங்கே கேட்கும் குரலில் கண்டனம் கலந்திருந்தால், உண்மையான எண் மருத்துவரின் காதுக்கு எட்டாது.