விரல் கேட்கிற கேள்வி

கிட்டார் பழகுகிறவர்கள் ஆரம்பத்திலேயே சந்திக்கிற ஓர் அசைவு உண்டு. சி மேஜர் கார்டு பிடித்திருக்கும் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையாமல் இருக்க, மோதிர விரல் மட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வருகிறது. கார்டு இப்போது ஏ மைனர். பளிச்சென்றிருந்த ஒலி சட்டென்று கனத்துப்போகிறது.

ஒற்றை விரல் நகர்ந்ததற்கு மனநிலையே ஏன் மாற வேண்டும்? இசை இலக்கணம் படிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. முதல் கார்டில் இருப்பவை சி, இ, ஜி. இரண்டாவதில் ஏ, சி, இ. மூன்றில் இரண்டு ஸ்வரங்கள் பொது. நம் சங்கீதத்தில் இதே உறவுக்கு வேறு பெயர்: சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களை வாசித்தால் நடபைரவி. கிரக பேதம் என்று பாடப் புத்தகம் சொல்கிற விஷயத்தை மோதிர விரல் முன்னமே செய்து முடித்திருக்கிறது.

நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் கிட்டார் வாங்குகிறவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்கிறார்கள். எல்லாம் புரிந்த பிறகு தொடலாம் என்று ஸ்கேல் அட்டவணைகளோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். படித்து, தேர்வெழுதி, வேலைக்கு வந்த தலைமுறைக்கு இது இயல்பான பழக்கம்தான். ஆனால் கேள்வி எழாத இடத்தில் கொட்டிய பதில் மனதில் தங்குவதில்லை.

திருச்சி பெல் ஆலையின் குடியிருப்பான கைலாசபுரத்தில் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். கொதிகலன் செய்கிற ஊர் அது. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கே வந்தது. உருகிய உலோகம் கையடியில் எப்படி ஓடும் என்று பழகிய வெல்டருக்கு, இணைப்பு ஏன் விரிசல் விடுகிறது என்ற உலோகவியல் பாடம் சட்டென்று பிடிபடும். தீப்பொறியே பார்க்காதவருக்கு அதே பக்கம் வெறும் சொற்கள்.

இளையராஜாவின் வழியும் இதுதான். பண்ணைப்புரத்தில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராகப் போன கை அது. 1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்த பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் இலக்கணத்தை முறையாகப் படித்தார். ஜி.கே. வெங்கடேஷின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வும் எழுதினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது, ஆண்டுக்கணக்கில் மேடையில் தேறிய காதும் தன்ராஜ் மாஸ்டர் கொடுத்த ஏட்டுக் கல்வியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. ஏட்டுக் கல்வி அவருடைய கிராமத்து மெட்டை அழிக்கவில்லை என்பது இங்கே முக்கியம். படித்தால் இயல்பு போய்விடும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்களே!

இலக்கணத்தின் இன்னொரு பாதி கிட்டாரின் கழுத்திலேயே இருக்கிறது; ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். கிளாசிக்கல் கிட்டாரில் தந்தியின் நீளம் பொதுவாக 650 மில்லிமீட்டர். பிரிட்ஜிலிருந்து அளந்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட் 325-இல், சரி பாதியில் நிற்கும்: மேல் ஸட்ஜம். ஏழாம் ஃப்ரெட் ஏறக்குறைய 433.8-இல். நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு 433.3, பஞ்சமம் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. நான்காம் ஃப்ரெட்டில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. இயற்கையான அந்தர காந்தாரத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 520 வேண்டும். ஃப்ரெட் நிற்பதோ 515.9-இல். நான்கு மில்லிமீட்டர் குறைவு, அதனால் ஸ்வரம் சற்றே தூக்கல். எந்த ஸ்வரத்திலிருந்தும் தொடங்கலாம் என்ற வசதிக்காக எண்மத்தைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதற்கு மேற்கத்திய இசை கொடுத்த விலை இது. தம்புராவோடு பாடிப் பழகிய காது கிட்டாரின் காந்தாரத்தில் லேசாக முகம் சுளிப்பது நியாயமே.

கை முந்துவதில் ஆபத்தும் உண்டு. கிட்டார் வடிவங்களின் வாத்தியம். ஒரு வடிவத்தை மனப்பாடம் செய்துவிட்டால் ஸ்வரத்தின் பெயர் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் வாசிக்கலாம். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நல்லவேளையாக வாத்தியமே ஒரு தடை வைத்திருக்கிறது. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள தூரம் சுத்த மத்யமம். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் நடுவில் மட்டும் அந்தர காந்தாரம். மேலே போகும் வடிவம் அந்த இடத்தில் உடைந்துவிடும். ஏன் என்று கேட்கிறவர் வளர்கிறார். கேட்காதவர் இன்னொரு வடிவத்தை மனப்பாடம் செய்கிறார்.

ஃப்ரெட்டுக்குள் அடங்காததும் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை எந்த ஒரு ஃப்ரெட்டிலும் நிறுத்த முடியாது. அது அசைந்தால்தான் தோடி. கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசித்த சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் தந்தியை இழுத்தும் வழுக்கியும் அந்த அசைவைக் கொண்டுவந்தார்கள். எந்த அட்டவணையும் இதைக் கற்றுத்தராது. பாடிப் பார்த்துவிட்டு வாசிப்பது ஒன்றே வழி.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை இருக்கிறது. கைலாசபுரத்துக்காரர்கள் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய இசைக் கல்வெட்டு. ருத்ராசார்யரின் சீடனான ஒரு மன்னன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. ஏழு பிரிவுகள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் ராகத்தின் பெயர். அதன் கீழே விளக்கவுரை கிடையாது, நான்கு நான்காகக் கோத்த ஸ்வரங்கள் மட்டுமே. கிரந்த எழுத்துகள் முடிகிற இடத்தில் தமிழில் ஒரு குறிப்பு வருகிறது: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று. எட்டுத் தந்தி, ஏழு தந்தி வாத்தியங்களையே அது குறிக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அந்த மன்னன் தன் மாணவர்களுக்குக் கொடுத்த இலக்கண நூல், தந்தியில் வாசித்துப் பார்ப்பதற்கான பயிற்சி ஏடுதான்.